நூலக மேசையிலிருந்து எழுதியவர்

(சேலத்தில் நூலக வார விழாவில், வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, நூலகப் பணியாளர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

குழந்தை எழுத்தாளர் ஒருவரைப் பற்றிப் பேசும்படி பணித்தீர்கள். நூலகராகவும் பணியாற்றிய பெவர்லி கிளியரி அம்மையாரைத் தேர்ந்துகொண்டேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1916 ஏப்ரல் 12 அன்று பிறந்து, 2021 மார்ச்சில் தம் 104ஆம் வயதில் மறைந்தவர் அவர். அவருடைய கதைகள் நூலக மேசையில் கருக்கொண்ட விதத்தையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

அவர் சிறுமியாக வளர்ந்த யாம்ஹில் என்னும் சிற்றூரில் நூலகம் கிடையாது. அவருடைய தாயார்தாம் மாநில நூலகத்திலிருந்து நூல்களை வரவழைத்து, ஒரு வங்கியின் மாடியறையில் வைத்து ஊராருக்கு வழங்கினார். இங்கே 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் வந்து, வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டி நாம் பெற்றதை, அங்கே ஒரு தாய் தம் முயற்சியால் செய்திருக்கிறார். ஆனால் அந்தத் தாயின் மகள், பின்னர் போர்ட்லாந்து நகரத்துப் பள்ளியின் முதல் வகுப்பில், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளோடு அமர்த்தப்பட்டார். மூன்றாம் வகுப்பில், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் படம் பார்ப்பதற்காகப் புரட்டிய புத்தகத்தைத் தம்மையறியாமலே வாசித்துக்கொண்டிருப்பதை உணர்ந்த பிறகுதான் அந்தத் தடை நீங்கியது.

நூலகவியல் படித்து முடித்து, 1939இல் வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா நகரில் குழந்தைகள் பகுதி நூலகரானார். அங்கே வந்த பள்ளிச் சிறுவர் சிலருக்கு வாசிப்பில் நாட்டமே இல்லை. அவர்களுக்கு என்ன கொடுப்பதென்று அவர் தேடியபோது, எங்களைப் போன்ற பிள்ளைகளைப் பற்றிய புத்தகங்கள் எங்கே என்று அவர்கள் கேட்டார்கள். அலமாரிகளில் அதற்கு விடை இல்லை. அந்தக் கேள்வியைக் குறும்பென்று தள்ளிவிடாமல், போர்க்காலத்தில் இராணுவ முகாம் நூலகராக இருந்தபோதும், பிறகு புத்தகக் கடையில் வேலை செய்தபோதும், அவர் மனத்தில் வைத்திருந்தார் என்பதையே அவருடைய வாழ்க்கையில் பெரிய செய்தியாக நான் கருதுகிறேன்.

1949இல்தான் எழுத உட்கார்ந்தார். வீட்டில் கூரான பென்சிலே இருப்பதில்லை என்று அவர் சாக்குச் சொன்னதும், கணவர் மறுநாளே பென்சில் சீவும் கருவி ஒன்றை வாங்கிவந்தாராம். (எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருக்கும் நண்பர்கள் இந்த அவையிலும் சிலர் உண்டு, அவர்கள் வீட்டாரின் கவனத்திற்கு.) தெருவில் கண்ட நாயைப் பேருந்தில் வீட்டுக்குக் கொண்டுவர ஒரு சிறுவன் படும் பாட்டில் தொடங்கும் அவருடைய முதல் நூல் 1950இல் வெளிவந்தது.

அவர் கதைகளில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை என்பார்கள். தந்தைக்கு வேலை போன வீட்டில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ரமோனா என்னென்ன நினைக்கிறாள் என்று எழுதியிருப்பதைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பிரிந்துபோன பெற்றோரின் பிள்ளையைப் பற்றி எழுதுங்கள் என்று, ஒருவரையொருவர் அறியாத இரு சிறுவர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். அதிலிருந்து பிறந்த நூலே 1984இல், சிறுவர் இலக்கியத்துக்கான அமெரிக்க விருதாகிய நியூபெரி பதக்கத்தைப் பெற்றது. மேசையை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் பிள்ளைகள் கேட்டதைத்தான் அவர் எழுதியிருக்கிறார்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்தும் வீட்டுப் பிள்ளையும், ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் தாயின் மகளும் நம் நூலகங்களுக்கு வருகிறார்கள். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் களத்தில் மாவு காய்வதைப் பார்த்து வளர்ந்த சிறுவன் தன் ஊரைக் கதையில் தேடினால், அவன் கையில் நாம் எதைக் கொடுப்போம்? ஆகவே நூலகர் ஐயாவிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். சிறுவர் பகுதி மேசையில் ஒரு குறிப்பேடு வைத்து, பிள்ளைகள் கேட்டு நம்மிடம் இல்லாத புத்தகம் எது, எதைப் பற்றியது என்று அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். வாசகர் வட்டத்தில் எழுதும் பழக்கமுள்ளவர்கள் மாதம் ஒருமுறை வந்து அதைப் படிக்கிறோம். குறிப்பேட்டை நானே வாங்கித் தருகிறேன்.