வராதவர்களைக் கணக்கில் வைத்த டாக்டர்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி 2006 ஜூலை 7ஆம் தேதி காலமானார். டாக்டர் வி என்றால் உலகம் முழுக்கக் கண் மருத்துவர்களுக்குத் தெரியும். அவரைப் பற்றிப் பேசத் தகுதியுள்ள மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மருத்துவன் இல்லை. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தவன். எங்கள் பள்ளியில் நடந்த இலவசக் கண் சிகிச்சை முகாம்களில் கூடமாட நின்று வேலை செய்தவன். அவர் வகுப்பில் நான் உட்கார்ந்ததில்லை. இருந்தாலும் அவரைத்தான் என் ஆசானாக நினைக்கிறேன். அதற்கான காரணத்தைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரம் என்கிற கரிசல் கிராமத்தில் 1918 அக்டோபர் 1ஆம் தேதி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஆற்று மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படித்த தலைமுறை. உறவுப் பெண்கள் மூன்று பேர் பிள்ளைப்பேற்றுக் காலத்தில் அடுத்தடுத்து இறந்துபோனதைப் பார்த்து, பிரசவ மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் படிப்பை முடித்து ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கே இருந்தபோதுதான் கடுமையான முடக்குவாதம் வந்தது. மாதக்கணக்கில் படுத்த படுக்கை. பிரசவ மருத்துவம் அத்தோடு போயிற்று. கண் மருத்துவத்தின் பக்கம் திரும்பினார்.

முகாம் தொண்டர்களை ஒருமுறை மதுரைக்கு வரவழைத்திருந்தார்கள். அவரை நான் பக்கத்தில் நின்று பார்த்தது அப்போதுதான். என் பார்வை அவர் முகத்தைவிட்டு இறங்கிக் கைகளிலேயே நின்றுவிட்டது. விரல்கள் முட்டியிலிருந்தே ஒரு பக்கமாகச் சாய்ந்து, கோணிப்போயிருந்தன. ஒரு பேனாவைப் பிடிப்பதே கஷ்டம் என்று தோன்றும். அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டு, தன் கைக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்திருக்கிறார்! கண்ணில் வெட்டுவது மில்லிமீட்டர் கணக்கு. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் சிகிச்சைத் துறைக்குத் தலைவராக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றார். பத்மஸ்ரீ அதற்கு முன்பே, 1973இல் வந்துவிட்டது. பேரன் பேத்தி என்று ஓய்வாக உட்காரும் வயது. அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1976இல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தர் மீது அவருக்கு இருந்த பக்திதான் மருத்துவமனைக்குப் பெயராயிற்று. தங்கை டாக்டர் நாச்சியார், அவருடைய கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி என்று குடும்பமே அந்த வேலைக்குள் இறங்கியது. கட்டணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பார்கள், முடியாதவர்களுக்கு இலவசம், யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது முதல் நாளிலிருந்தே ஏற்பாடு.

சரி, முகாம் விஷயத்துக்கு வருகிறேன். நான் பாடம் கற்ற இடம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பறை பெஞ்சுகளை ஒதுக்கிப் போடுவோம். ஒரு அறையில் பார்வைப் பரிசோதனை, அடுத்த அறையில் கண்ணில் நீரழுத்தம், அதற்கடுத்து டாக்டர். கண்புரை முற்றியவர்களைத் தனியாக உட்கார வைப்பார்கள். அன்றைக்கே மதுரைக்கு பஸ். முதன்முதலாக இதைப் பார்த்தபோது, ஊர் ஊராக வந்து இலவசமாகச் செய்கிறார்களே, கூட்டம் நெட்டித் தள்ளும் என்றுதான் நினைத்தேன். நிஜத்தில் வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள்தான் அதிகம்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி. இரண்டு கண்ணிலும் புரை, சுவரைத் தடவித்தான் நடப்பார். "ஆபரேஷன் இலவசம்தானே ஆத்தா, வாங்க" என்றேன். "துணைக்கு மகன் வந்தா அவனுக்குக் கூலி போயிருமே சாமி. அங்கன சோத்துக்கு எங்க போறது? ஆட்டை யாரு பாக்கிறது?" என்றார். பயம் என்றோ அறியாமை என்றோ நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். பாட்டி சொன்னதில் அறியாமை எங்கே இருக்கிறது? கணக்கு சரியாகத்தானே இருக்கிறது!

டாக்டர் வியின் பெருமை, அந்தக் கணக்கை அவர் மதித்தார் என்பது. சிகிச்சை இலவசமாக இருந்தால் போதாது, பஸ், சாப்பாடு, தங்க இடம், மருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாமே சேர்ந்தால்தான் ஏழைக்கு அது இலவசம் என்று புரிந்துகொண்டு, அத்தனையையும் ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஊர்க்காரர்கள் பத்து இருபது பேராகச் சேர்ந்து போவதால் ஒருவருக்கொருவர் துணை. பாட்டியும் அப்படித்தான் ஒரு பஸ்ஸில் ஏறினார்.

அப்படியும் முகாமுக்கு வர வேண்டியவர்களில் பத்தில் ஒருவர்கூட வருவதில்லை என்று ஆய்வு செய்தபோது தெரியவந்தது. உலகமே பாராட்டுகிற ஒரு வேலையில் இப்படி ஒரு முடிவு வந்தால் நாமாக இருந்தால் பேசாமல் மூடி வைத்திருப்போம். அரவிந்த்காரர்கள் அதையே கையில் எடுத்துக்கொண்டு அடுத்த காரியத்தைத் தொடங்கினார்கள். அவருடைய கடைசி ஆண்டுகளில் சிற்றூர்களில் கிளம்பிய பார்வை மையங்கள் அந்த வழியில் வந்தவை. ஒரு சின்ன வாடகை அறை, பயிற்சி பெற்ற ஒரு பெண், கணினி வழியாக மருத்துவமனையிலிருந்து பேசும் டாக்டர். ஆட்டைக் கட்டிப்போட்டுவிட்டு நடந்து போய் வரும் தூரம்.

அந்தப் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்த பெண்களைச் சேர்த்துச் சம்பளத்தோடு பயிற்சி கொடுத்தார்கள். பரிசோதனை, அறுவை அரங்கில் நோயாளியைத் தயார்படுத்துவது எல்லாம் அவர்கள் கையில். டாக்டர் ஒரு மேஜையில் முடித்துவிட்டு அடுத்த மேஜைக்குத் திரும்பும்போது அங்கே எல்லாம் தயாராக இருக்கும். ஒரு நாளில் அத்தனை பேருக்குப் பார்வை கிடைக்க இதுதான் காரணம். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து, எங்கே போனாலும் ஒரே தரத்தில் கொடுக்கிறார்களே, கண் சிகிச்சையை ஏன் அப்படிக் கொடுக்கக் கூடாது என்று யோசித்தவர் அவர்.

புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து, ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது. அதனால் இலவச ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடியோடு திரும்பினார்கள். 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி லென்ஸைத் தயாரித்தார்கள். விலை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. அப்புறம், தாங்கள் கற்ற முறையை வேறு மருத்துவமனைகளுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் திறந்து சொல்லிக்கொடுத்தார்கள். தொழில் ரகசியம் என்று எதையும் பூட்டி வைக்கவில்லை. ஒரு தலைவரிடம் நான் மிகவும் மதிப்பது இந்தக் குணத்தைத்தான்.

அவர் போன பிறகும் பஸ்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பிக்கொண்டுதான் இருந்தன. பள்ளியில் ஒரு பிள்ளை நாலைந்து நாள் வரவில்லை என்றால், வருகைப் பதிவேட்டில் கோடு போடுவதோடு விடாமல் நேராக வீட்டுக்குப் போய், வராததற்கு அவர்கள் பக்கத்துக் கணக்கு என்னவென்று கேட்கும் பழக்கம் எனக்கு அந்த முகாம்களில் வந்தது. ஓய்வு பெறும்வரை அதை விடவில்லை. கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.