எடை மெஷினுக்கு 1,500 ரூபா, டேப்புக்கு 60 ரூபா: பிள்ளைகள்ட்ட எடையைப் பத்தி எப்படிப் பேசணும்?

மக்களே வணக்கம். செங்கோட்டைல இருந்து, நம்ம வழக்கமான மொட்டை மாடி. சாரல் காத்து இரைச்சலா இருக்கும், கொஞ்சம் சத்தத்தைக் கூட்டி வச்சுக்கோங்க.

போன லஞ்ச் பாக்ஸ் வீடியோல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துருக்கு. "எடை மெஷின் வாங்கிட்டோம், ஞாயித்துக்கிழமை தோறும் பையனை ஏத்திப் பாக்குதோம், சரிதானே?" சரியில்ல. எனக்குக் கோவமே வருது. 1,500 ரூபா குடுத்து மெஷின் வாங்குதீங்க, உயரம் அளக்க 60 ரூபாய்க்கு ஒரு இரும்பு டேப் வாங்க மாட்டேங்கீங்க.

வளருத பிள்ளைக்கு எடை ஏறத்தான் செய்யும், ஏறணும். வெறும் கிலோவை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. கிலோவை, மீட்டர்ல உள்ள உயரத்தால ரெண்டு தடவை வகுக்கணும், அதுதான் பிஎம்ஐ. ரெண்டு தடவை வகுக்கறதால உயரத்துல வர்ற தப்பும் ரெண்டு மடங்கா அடிக்கும். கணக்குப் போட்டே காட்டுதேன். 9 வயசுப் பையன், 34 கிலோ, 130 சென்டிமீட்டர். பிஎம்ஐ 20.1. அதே பையனை 127னு அளந்துட்டா 21.1. உலக சுகாதார நிறுவனத்தோட 2007 அட்டவணைல அந்த வயசுப் பையனுக்கு 17.9 தாண்டினா அதிக எடை, 20.5 தாண்டினா உடல் பருமன். 3 சென்டிமீட்டர் தப்புல பிள்ளைக்குப் பேரே மாறிப் போச்சு பாருங்க! பொம்பளப் பிள்ளைக்கு அட்டவணை வேற. பெரியவங்களுக்கு பிஎம்ஐ 23 தாண்டினா அதிக எடை, 25 தாண்டினா உடல் பருமன்னு போடுத கணக்கைப் பிள்ளைங்க மேல போடவே போடாதீங்க.

அந்த 3 சென்டிமீட்டர் எங்க போகுது? முதல் குத்தவாளி, சுவரடில ஒட்டுத டைல்ஸ். அது வெளிய துருத்திக்கிட்டு இருக்கும், குதிகால் சுவர்ல ஒட்டாது. அதனால டைல்ஸ் இல்லாத சுவரு, இல்லன்னா மர பீரோ கதவு. டேப்பை நேரா ஒட்டுங்க, பூஜ்ஜியம் தரைல இருக்கணும். தையக்காரர் துணி டேப் வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். செருப்பில்லாம, குதிகால், பின்பக்கம், முதுகு மூணும் ஒட்டி நிக்கணும். கண்ணு நேரா பாக்கணும், நாடியத் தூக்கக் கூடாது. கெட்டி அட்டை புஸ்தகத்தை, அதோட ஒரு ஓரம் சுவர்ல பதியுத மாதிரி நிமித்திப் பிடிச்சு, தலைல படுத வரை இறக்குங்க. ரெண்டு தடவை அளந்து, அரை சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா மூணாவது தடவை.

ஆ, கொண்டையைச் சொல்ல விட்டுட்டேன். அவுத்துட்டு அளங்க. காலைலயே அளங்க, சாயங்காலத்துக்குள்ள உயரம் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும்.

மூணு மாசத்துக்கு ஒருக்கா போதும். வந்த நம்பரைச் சத்தமா வாசிக்காதீங்க, நோட்டுல எழுதி வச்சுக்கோங்க. நிறையப் பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கணும்னே இல்ல. எடை அப்படியே நின்னு உயரம் கூடினா பிஎம்ஐ தானா இறங்கும். டாக்டர் சொல்லாம பட்டினி போட்டுராதீங்க.

இப்ப பேச்சு. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து "என்னைக் குண்டுன்னு சொல்லுதாங்க"ன்னு அழுதா, "நீ குண்டே இல்லடா"ன்னு உடனே மூடிராதீங்க. குண்டா இருக்கது பெரிய குத்தம்னு நீங்களும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். "யாரு சொன்னா, எப்ப சொன்னா, உனக்கு எப்படி இருந்துச்சு?" இதைக் கேளுங்க, பிள்ளை பேசி முடிக்கட்டும். ஊர்ல இருந்து வர்ற ஆச்சி, அத்தைகிட்ட "உடம்பைப் பத்தி எதுவும் சொல்லாதீங்க, படிப்பு, விளையாட்டைக் கேளுங்க"ன்னு முன்கூட்டியே சொல்லி வைங்க. இது மரியாதைக் குறைவே கிடையாது.

சாப்பாட்டுக்கு எலின் சாட்டர்னு ஒரு அமெரிக்க உணவியல் நிபுணர் சொன்ன பங்கீடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். என்ன, எப்ப, எங்கங்கது பெத்தவங்க பாடு. எவ்வளவுங்கது பிள்ளை பாடு. தட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் கூடாது, "போதும் எந்திரி"ன்னும் சொல்லக் கூடாது. வீட்டுல எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. புரோட்டாக் கடைக்குப் பேர்போன நம்ம பிரானூர் பார்டர்ல போய், அண்ணன் தட்டுல அஞ்சு புரோட்டா, தம்பிக்கு மட்டும் "உனக்கு ஒண்ணு போதும்"னா, அந்தப் பிள்ளை ஒளிச்சு வச்சுத் திங்கத்தான் பழகும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல 2016ல பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதம் வரி போட்டாங்க, ஜிஎஸ்டி வந்ததும் போயிருச்சு. கடைக்கு வரி போடலாம், வீட்டுக்குள்ள ஒரு பிள்ளைக்கு மட்டும் வரி போடக் கூடாது. போறது மாசத்துக்கு ஒருக்கா போங்க, எல்லாரும் சாப்பிடுங்க. சிப்ஸ் பாக்கெட்டை வீட்டுல அடுக்காம, அவிச்ச நேந்திரம்பழத்தைக் கண்ணுல படுத இடத்துல வைங்க.

ஜூஸ் பாக்கெட்டைப் பிள்ளையவே திருப்பிப் படிக்கச் சொல்லுங்க. 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரைன்னா 200 மில்லில 26. ஒரு டீஸ்பூன் 4 கிராம், ஆறரை ஸ்பூன். அதை டம்ளர்ல அள்ளிப் போட்டுக் காட்டுங்க. அமெரிக்க இதய சங்கம் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள்ளன்னுதான் சொல்லுது. இதுல உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை பேச வேண்டாம் பாருங்க, அதான் எனக்கு இது பிடிக்கும்.

ஓட்டம் ஆட்டம் தினம் 60 நிமிஷம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாம தூக்கம்.

முடிக்கதுக்கு முன்னால, முதல்லயே சொல்லிருக்க வேண்டியது ஒண்ணு. கழுத்துல, அக்குள்ல வெல்வெட் மாதிரி கருப்பு படிஞ்சிருந்தா அது அழுக்கு இல்ல. பீர்க்க நார் போட்டுத் தேய்ச்சுப் பிள்ளைய அழ வைக்காதீங்க. இன்சுலின் சரியா வேலை செய்யாததோட அடையாளமா இருக்கலாம். அதுவோ, குறட்டைக்கு நடுவுல மூச்சு நிக்கதோ, முழங்கால் இடுப்பு வலில நொண்டுததோ இருந்தா மூணு மாசம் காத்திருக்காதீங்க, இந்த வாரமே குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க.