மலையில் ஒரு வெள்ளைச் சட்டை

வணக்கம். நான் குன்னூர் பக்கத்துக்காரன், இருபது வருடம் கடற்படையில் ஸ்டோர் பிரிவில் இருந்தவன். துப்பாக்கி பிடித்ததை விட அரிசி மூட்டை எண்ணியதுதான் அதிகம், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் வெலிங்டன் கேன்டீனுக்குப் போகிற வழியில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், வெளியே வெள்ளைச் சீருடையில் நடந்துபோன ஒருவரைக் காட்டி, "ஏம்ப்பா, மீன் கூட ஐஸ் பெட்டியில வர்ற ஊரு இது, இங்க நேவிக்காரருக்கு என்ன வேலை?" என்று கேட்டார். படிக்க வந்திருக்கிறார் என்றேன். வெலிங்டனில் இருக்கிற முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி 1947 பிரிவினைக்கு முன்னால் குவெட்டாவில் இருந்தது, பிறகுதான் நம் மலைக்கு வந்தது. லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர் நிலையில் இருப்பவர்கள் தரைப்படை, விமானப்படை ஆட்களோடு சேர்ந்து இங்கே படிக்கிறார்கள். பெரியவர் விடவில்லை. "சரி, இங்க இருக்கறப்போ அவரு யாருக்குக் கீழ?" என்றார். நல்ல கேள்வி. ஆனால் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. அதனால் இந்த ரேடியோவில் சொல்கிறேன்.

நம் கடற்படைக்கு மூன்று கமாண்ட், அதாவது வட்டாரத் தலைமை. மேற்குக்கு மும்பை, கிழக்குக்கு விசாகப்பட்டினம், தெற்குக்குக் கொச்சி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வைஸ் அட்மிரல் தலைவர். அந்தமானில் இருப்பது முப்படைக்கும் பொதுவானது, 2001இல் வந்தது. அது வேறு கணக்கு. வெலிங்டன் கல்லூரியும் அப்படித்தான், தில்லியில் உள்ள முப்படைத் தலைமையகத்தின் கீழ் வருகிறது. ஆக அந்த வெள்ளைச் சட்டைக்காரர் இங்கே இருக்கும்வரை எந்தக் கடற்படை கமாண்டுக்கும் கீழே இல்லை.

கமாண்ட் என்றதும் பலருக்குப் போர்க்கப்பல்தான் ஞாபகம் வரும். ஆனால் கமாண்டின் தலைவர் கப்பலில் இல்லை, கரையில் உட்கார்ந்திருக்கிறார். கப்பல்களைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போக மேற்கிலும் கிழக்கிலும் அவருக்குக் கீழே ஃப்ளீட் கமாண்டர் என்று ஒரு ரியர் அட்மிரல் தனியாக உண்டு. கரையில் மிச்சமிருப்பது என்ன தெரியுமா? விசாகப்பட்டினத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கப்பல் பழுது பார்க்கும் டாக்யார்ட், குண்டும் டார்பிடோவும் வைக்கும் கிடங்கு, நீர்மூழ்கிகளுக்கு ஒரு தளம், விமானங்களுக்கு ஒரு தளம், ஒரு பெரிய ஆஸ்பத்திரி, அப்புறம் எங்கள் ஸ்டோர். கப்பல் புறப்படும் முன் துறைமுக மேடையிலிருந்து கப்பலுக்குள் வரை வரிசையாக ஆட்கள் நின்று கைமாற்றிக் கைமாற்றி மூட்டை ஏற்றுவோம், அதில் சமையல்காரனும் உண்டு, ரேடாரில் வேலை பார்ப்பவனும் உண்டு. உருளைக்கிழங்கு மூட்டை என் கைக்கு வரும்போதெல்லாம் நம்ம ஊர் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன், அது ஒரு பைத்தியக்காரத்தனம்.

சாப்பாட்டுச் சாமானுக்குப் போரில் என்ன பங்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1971 போரின்போது கிழக்கு கமாண்டின் தலைவர் கிருஷ்ணன், நம் தமிழர்தான். அவருடைய விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி பாகிஸ்தான் நீர்மூழ்கி காஜி வங்கக் கடலுக்கு வந்துகொண்டிருந்தது. விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டு, அது இன்னும் விசாகப்பட்டினம் பக்கத்திலேயே இருப்பதுபோல ஒரு நாடகம் போட்டார். ராஜ்புத் என்ற பழைய கப்பலை விக்ராந்த் மாதிரி கம்பியில்லாச் செய்தி அனுப்ப வைத்தார். கான்ட்ராக்டர்களிடம் பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு கறியும் காய்கறியும் ஆர்டர் கொடுக்கச் செய்ததாகவும் பின்னால் அவரே எழுதியிருக்கிறார். ஊரில் ஒற்றன் இருந்தால் அவன் காதில் விழட்டும் என்றுதான். டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவு வாக்கில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஜி மூழ்கியது. ராஜ்புத் போட்ட குண்டு என்று நாம் சொல்கிறோம், தன் கண்ணிவெடியே வெடித்தது என்று அவர்கள் சொல்கிறார்கள். எப்படியானாலும் அது வந்து நின்ற இடத்தில் விக்ராந்த் இல்லை. எனக்கு அந்தக் காய்கறி ஆர்டர் மேல்தான் கண்.

இனி நம் மாநிலம். கோயம்புத்தூரில் ஐஎன்எஸ் அக்ரணி இருக்கிறது, ரெட்ஃபீல்ட்ஸ் பக்கம். ஐஎன்எஸ் என்றாலே இந்தியக் கடற்படைக் கப்பல் என்று பொருள், கட்டடமாக இருந்தாலும் பெயர் அதுதான். உள்ளே தரைக்கு டெக் என்று பெயர். கேட்டைத் தாண்டிக் காந்திபுரம் போனால் அதற்குப் பெயர் ‘கரைக்குப் போகிறேன்’. பாலக்காட்டுக் காற்றடிக்கிற ஊரில் இதைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அவர்கள் சிரிக்க மாட்டார்கள். அக்ரணியில் தலைமைப் பண்புப் பயிற்சி நடக்கிறது, அதனால் அது தெற்கு கமாண்டைச் சேர்ந்தது. தெற்கு என்பது பெயருக்குத்தான் திசை, வேலையில் அது பயிற்சி கமாண்ட். நான் முதலில் பயிற்சி எடுத்த ஐஎன்எஸ் சிலிகா ஒடிசாவில், கிழக்குக் கரையில் இருக்கிறது, அதற்கும் கொச்சிதான் எஜமான்.

சென்னையின் ஐஎன்எஸ் அடையாறு, அரக்கோணத்து விமான தளம் ராஜாளி, உச்சிப்புளி விமான தளம் பருந்து எல்லாம் விசாகப்பட்டினத்தின் கீழே. ராஜாளியில் ஓடுபாதை நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், நீர்மூழ்கி தேடும் பெரிய விமானங்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பருந்து இருக்கிற உச்சிப்புளியிலிருந்து மண்டபம் பக்கம். இலங்கையில் தலைமன்னாரில் கப்பலேறி வந்த என் அப்பாவை முதலில் தங்கவைத்தது மண்டபம் முகாமில்தான், அங்கிருந்துதான் தேயிலை வேலைக்கு இந்த மலைக்கு வந்தார். எங்கள் வீட்டில் கடலைப் பார்த்த முதல் ஆள் நான் இல்லை.

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கரையோரப் பாதுகாப்பும் கமாண்ட் தலைவர்கள் தலையில் வந்தது. மீனவர், கடலோரக் காவல் படை, போலீஸ் எல்லோரையும் ஒரே நூலில் கோர்க்கிற வேலை. அதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன், அதனால் அனுபவமாகச் சொல்ல எதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன், 1990இல் தொடங்கியது. கடல் அங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது, வானத்தை முட்டுகிற கம்பங்கள் மட்டும் தெரியும். நீங்கள் என்னைக் கேட்டுக்கொண்டிருப்பது எஃப்எம் அலையில். ஒரு கொண்டை ஊசி வளைவு திரும்பினாலே இது கரகரக்கும், தண்ணீருக்குள் போகவே போகாது. கட்டபொம்மன் அனுப்புவது மிகத் தாழ்ந்த அலைவரிசை, கடல்நீருக்குள் சில மீட்டர் இறங்கி மூழ்கியிருக்கும் நீர்மூழ்கியைத் தொடும். ஆனால் அந்த அலையில் பதில் அனுப்ப அவ்வளவு பெரிய கம்பம் வேண்டும், அது நீர்மூழ்கியில் ஏது? உள்ளே இருப்பவர்கள் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான், இப்போது உங்கள் நிலைமை மாதிரி. பஸ்ஸில் வந்த அந்தப் பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தால், அவருக்கும் வணக்கம்.