'செய்யலாம்' என்றால் போதுமா?

(திருகோணமலையில் விவாதப் பயிற்சி பெறும் மாணவரிடையே ஆற்றிய உரை)

அன்பான மாணவர்களே, ஆசிரியர்களே, வணக்கம்.

பிரட்றிக் கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பற்றியே ஒரு தலைப்பை எடுப்போம்: 'நகரத்து மான்களுக்கு உணவளிப்பது நம் கடமை.'

எதிரணியினர் பெரும்பாலும் எழுந்தவுடன், உணவளிப்பதே தவறு என்று நிறுவப் பாடுபடுவார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அளவையியல் படிக்கும் உயர்தர மாணவர்கள் கவனியுங்கள்: 'கடமை' (செய்தே ஆக வேண்டும்), 'தடை' (செய்யவே கூடாது) இரண்டும் ஒருசேர உண்மையாக முடியாது; ஆனால் ஒருசேரப் பொய்யாக முடியும். அப்போது செய்யலாம், செய்யாமலும் விடலாம். அந்த நடுவிடத்தில்தான் எதிரணியின் பலம் இருக்கிறது. அமெரிக்கப் பாடசாலைகளில் அறத் தலைப்புகளில் ஒருவருக்கு ஒருவர் வாதிடும் லிங்கன்-டக்ளஸ் விவாதத்தில் இது நன்கு பழகிய உத்தி.

ஆனால் பலர் சறுக்குவதும் இங்கேதான். 'உணவளிக்கலாம், அதில் குற்றமில்லை' என்று நிறுவிவிட்டு வென்றதாக அமர்ந்துவிடுகிறார்கள். கடமையான செயலும் செய்யக்கூடிய செயல்தானே! நீரில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்றுவது கடமை. அதைச் 'செய்யலாம்' என்பதும் உண்மை. அதனால் கடமை பொய்யாகிவிடுமா? எதிரணி நிறுவ வேண்டியது ஒன்றே: உணவளிக்காமல் இருந்தாலும் குற்றமில்லை. தலைப்பு 'உணவளிக்கலாம்' என்று மாறினால் நிறுவ வேண்டிய சுமையும் மாறும். அப்போது எதிரணி தடையையே நிறுவ வேண்டும்.

'அறம் என்று எதுவுமே இல்லை, ஆகவே எல்லாம் செய்யலாம்' என்று தொடங்கும் அணியையும் சந்திப்பீர்கள். பின்லாந்து மெய்யியலாளர் வான் ரைட் 1963இல் அனுமதியை இரண்டாகப் பிரித்தார். தடை இல்லாமல் இருப்பது வலுவற்ற அனுமதி. நெறியை வகுப்பவர் ஆராய்ந்து இடமளிப்பது வலுவான அனுமதி. அறமே இல்லையென்றால் முதலாவது மட்டும் மிஞ்சும். கடமையை மறுக்க அது போதும், இதை நான் மறைக்க மாட்டேன். எனினும் அந்த வாதத்தை நீங்கள் நம்பியிருப்பதை நான் விரும்பவில்லை. மானைப் பற்றி எதையும் அறியாமலே அதைப் பேசிவிடலாம். விவாதம் நமக்குத் தர வேண்டிய அறிவை அது தராது.

மாறாக, மானைத் துன்புறுத்தாதிருப்பது எல்லோருக்கும் கடமை, உணவூட்டுவது அவரவர் விருப்பம் என்று எல்லையைக் காட்டி வாதிடுங்கள். மான்கள் தின்னும்படி பொலித்தீனைக் குப்பையில் போடாதிருப்பது முதல் வகையில் சேரும். கையில் நீட்டும் பழம் இரண்டாவதில்.

முன்மொழியும் அணி சும்மா இருக்காது. 'மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொண்டவர்கள் நாம்; ஆகவே உணவு தானமல்ல, ஈடு' என்று திருப்பியடிக்கும். ஈடு என்றால் விருப்பத்துக்கு இடமில்லை. இதற்கு எதிரணியின் மறுமொழி என்ன? தேநீர் இடைவேளைக்குப் பிறகு இரு அணிகளாகப் பிரிந்து அதைத்தான் பேசப் போகிறீர்கள்.