பாஸ் ஆன மருந்த ஏன் திரும்ப எடுக்குறாங்க? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சத்தம் கேக்குதா? மழை, தகரக் கூரை, சுங்கை சிப்புட்ல மத்தியானம் ஆனா இப்படித்தான், கொஞ்சம் பொறுத்துக்குங்க. இந்த வாரம் 3 கேள்வி எடுத்து வச்சிருந்தேன், ஆனா ஒண்ணுலயே மாட்டிக்கிட்டேன், ரெண்டு நாளா தூக்கத்துலயும் அதான். பீடோர்ல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க, அப்படியே படிக்கிறேன்: "அங்கிள், எல்லா வீடியோலயும் மால் நம்பர் பாருங்க, மால் நம்பர் பாருங்கன்னு சொல்றீங்க. முன்ன ரிடக்டில்னு உடம்பு மெலியிற மாத்திரை இருந்துச்சு, அதுக்கும் நம்பர் இருந்துச்சுதானே, அப்புறம் எதுக்கு எடுத்தாங்க? அரசாங்கம் பாக்காமலா பாஸ் பண்ணுச்சு? இப்ப மெலியிறதுக்கு எல்லாரும் போடுற இந்த ஓசெம்பிக் மாதிரி ஊசியும் நாளைக்கு அப்படித்தானே?"

நல்லா மாட்டி விட்டீங்க தங்கச்சி. ஆமா, இத்தன நாளா மால் நம்பர் மால் நம்பர்னு கத்துனது நான்தான். புதுசா பாக்குறவங்களுக்கு ஒரு வரி: நம்ம மலேசியால மருந்துன்னு எத வித்தாலும் பெட்டில MAL-னு (மால்) போட்டு 8 இலக்கம், அதுக்குப் பின்னாடி ஒரு எழுத்து இருக்கணும். அந்த எழுத்து A-ன்னு இருந்தா டாக்டர், பார்மசிஸ்ட் வழியா மட்டும் வாங்குறது, X-ன்னா கடையில நேரா வாங்கலாம், T-ன்னா பாரம்பரிய மருந்து. அந்த T மருந்துல தரமும் பாதுகாப்பும்தான் பாக்குறாங்க, வேலை செய்யுமாங்கிறது வேற கதை, அத இன்னொரு நாள் பேசலாம். நம்பர் கொடுக்குறது மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரசபை, அதுக்கு ஆபீஸ் வேலை பாக்குறது பெட்டாலிங் ஜெயால இருக்க என்பிஆர்ஏ, அதாவது தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். பாக்காம பாஸ் பண்ணல. பாத்துத்தான் பண்ணாங்க. ஆனா பாத்தது எத்தன பேர? அங்கதான் இருக்கு சங்கதி.

நம்மெல்லாம் தோட்டத்து ஆளுங்க, நான் பால்மரத்த வச்சே சொல்றேனே, பழைய வீடியோல ஒரு தடவ சொன்னதுதான், திரும்பவும் சொல்றேன். புது ரக ரப்பர் கன்னு வந்தா சுங்கை பூலோ ஆராய்ச்சித் தோட்டத்துல கொஞ்ச மரம் நட்டு வருஷக்கணக்கா பால் அளந்து பாப்பாங்க, அப்புறம்தான் எஸ்டேட்டுக்கு விடுவாங்க. அங்க எல்லாம் பிரமாதமா இருக்கும். அதையே ஆயிரம் ஏக்கர்ல நட்டு, ஒரு மழைக்காலத்துல பேய்க்காத்து அடிச்சு, பாதி மரம் நடுவுல முறிஞ்சு கெடக்கும்போதுதான் தெரியும் இந்த ரகம் காத்துக்கு ஆகாதுன்னு. சோதனை பண்ணவன் பொய் சொல்லல, அவன் தோட்டத்துல அந்தக் காத்து அடிக்கல, அவ்வளவுதான்.

மருந்தும் அதே. இந்த ஊசியில இருக்க செமாகுளூடைட், அத எடை குறைக்க குடுத்து பாத்த பெரிய சோதனைல ஒண்ணு, ஸ்டெப் 1னு பேரு, அதுல 1961 பேரு, 68 வாரம். ஊசி போட்டவங்களுக்கு சராசரி 15 சதவீதம் கிட்ட எடை குறைஞ்சுச்சு, பெரிய விஷயம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா 2025 ஜூன்ல ஐரோப்பா மருந்து ஏஜென்சி என்ன சொன்னாங்க? கண்ணு நரம்புக்கு ரத்த ஓட்டம் கொறஞ்சு திடீர்னு பார்வை போற ஒரு கோளாறு, இந்த மருந்தால ரொம்ப அபூர்வமா வரலாம், மிஞ்சிப் போனா 10,000 பேர்ல ஒருத்தருக்குன்னாங்க. இப்ப கணக்கு போடுங்க. 10,000ல ஒருத்தருக்கு வர்றது 1961 பேர்கிட்ட கண்ணுல படுமா? படாது. 3000 பேர பாத்து ஒருத்தருக்குக் கூட ஒண்ணும் ஆகலன்னாலும் 1000ல ஒருத்தருக்கு ஆகாதுன்னு அடிச்சு சொல்ல முடியாது, கணக்கு வாத்தியார்கிட்ட கேட்டு பாருங்க. லட்சக்கணக்கான பேரு போட்ட பிறகுதான் அது தெரியும், அதாவது பெரிய தோட்டத்துல நட்ட பிறகு. பயந்துட்டு நாளைக்கே ஊசிய நிறுத்திடாதீங்க, டாக்டர் கொடுத்தா டாக்டர கேட்டுட்டு செய்யுங்க, பார்வை திடீர்னு மங்குனா மட்டும் அன்னிக்கே ஓடணும்.

ரிடக்டில் கதையும் அதான். அதுல இருந்தது சிபுட்ராமின். அமெரிக்கால 1997ல பாஸ் ஆச்சு. அப்புறம் 10,000 பேர் கிட்ட வச்சு பெரிய சோதனை, எல்லாம் 55 வயசுக்கு மேல, இருதய நோய் இல்ல நீரிழிவு உள்ளவங்க. மருந்து சாப்பிட்டவங்கள்ல 100க்கு 11.4 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி ஏதோ ஒண்ணு, மருந்தே இல்லாத சும்மா மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 100க்கு 10. ஒண்ணரை பேர் வித்தியாசம். கிளினிக்ல உக்காந்திருக்க டாக்டருக்கு இது ஜென்மத்துக்கும் தெரியாது, ஏன்னா அந்த வயசுல நீரிழிவோட வர்றவருக்கு மாரடைப்பு வந்தா மருந்தாலயா விதியாலயான்னு யாரு பிரிக்கிறது? எண்ணி பாத்தாத்தான் தெரியும். 2010 ஜனவரில ஐரோப்பா நிறுத்துச்சு, அக்டோபர்ல அமெரிக்கா, நம்ம நாட்டுலயும் அதே வருஷம் போச்சு.

இத சொல்லும்போது எங்கப்பா ஞாபகம் வருது. எங்கப்பா எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசர், அதாவது டாக்டருக்கு உதவியாளர், தெரிஞ்சவங்களுக்கு தெரியும். ஆஸ்பத்திரின்னா என்ன, தொழிலாளிங்க வரிசை வீடு இருக்க லயத்துக்கு ஓரமா ரெண்டு ரூம், வெள்ளக்கார டாக்டர் மாசத்துக்கு ஒரு தடவ வருவாரு. அப்பாகிட்ட நீளமா ஒரு சிவப்பு அட்டை நோட்டு, கூலிக் கணக்கு செக்ரோல் எழுதுற மாதிரி கோடு போட்டது. காய்ச்சலுக்கு கொயினா குடுத்தா மறுநாள் லயத்துக்கே போயி கேப்பாரு, காதுல வண்டு கத்துற மாதிரி இருக்கா, தலை சுத்துதான்னு. எழுதுவாரு. பேரு, நாள், எத்தன மாத்திரை, என்ன ஆச்சு. எங்கம்மா திட்டுவாங்க, "அவன் நல்லா ஆயிட்டான், உங்களுக்கு என்ன"ன்னு. அப்பா சொல்றது ஒண்ணேதான்: "இன்னிக்கு ஒருத்தன் சொன்னா புலம்பல், நாளைக்கு 5 பேர் சொன்னா சங்கதி. எழுதலன்னா 5 பேரும் தனித்தனியா புலம்பல்தான்."

நான் 31 வருஷம் கவர்மெண்ட் பார்மசில வேலை பாத்தேன், இத விட நல்லா யாரும் எனக்கு சொல்லித்தரல.

ஏன் சொல்றேன்னா, அமெரிக்கால ஃபென்-ஃபென்னு ரெண்டு மருந்து சேர்த்து குடுத்த ஒரு எடை மருந்து, தொண்ணூறுகள்ல கோடிக்கணக்குல சீட்டு எழுதுனாங்க. அத யாரு பிடிச்சது தெரியுமா? வாஷிங்டன்ல உக்காந்திருந்த பெரிய ஆபீசர் இல்ல. ஃபார்கோன்னு ஒரு ஊரு, சுத்தி கோதுமைக் காடு, அங்க இருதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்குற ஒரு டெக்னீஷியன் அம்மா. சின்ன வயசுப் பொம்பளைங்க வால்வு ஏன் இப்படி தடிச்சுக் கெடக்குன்னு சந்தேகம் வந்து, ஒவ்வொருத்தரையும் குறிச்சு வச்சாங்க. 1997 ஜூலைல அந்த மாதிரி 24 பொம்பளைங்கள பத்தி டாக்டருங்க வெளிய சொன்னாங்க, செப்டம்பர்ல அதுல ஃபென்ஃப்ளூரமின்ங்கிற பாதி மருந்து மார்க்கெட்ட விட்டே போச்சு. 24 பேரு! அந்த அம்மா எழுதலன்னா 24 புலம்பல்.

அரசாங்கம் தூங்குனதே இல்லையான்னா, தூங்கியிருக்கு. பிரான்ஸ்ல மீடியேட்டர்னு நீரிழிவு மருந்துன்னு 1976ல வந்தது, நிறைய பேரு மெலியிறதுக்கு சாப்பிட்டாங்க, 2009ல தான் எடுத்தாங்க, பிரெஸ்ட்ங்கிற ஊர்ல ஐரீன் ஃபிராஷோன்னு ஒரு நுரையீரல் டாக்டர் விடாம கத்துன பிறகு. 2021ல கோர்ட் கம்பெனிக்கும் அபராதம் போட்டுச்சு, கண்காணிக்க வேண்டிய மருந்து ஏஜென்சிக்கும் 3 லட்சம் யூரோவுக்கு மேல போட்டுச்சு. காவக்காரனுக்கே அபராதம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2023ல ஐஸ்லாந்துல இருந்து ரெண்டு மூணு ரிப்போர்ட், இந்த ஊசி போட்டவங்களுக்கு தற்கொலை எண்ணம் வருதோன்னு. சின்ன நாடு, கிட்டத்தட்ட நம்ம ஈப்போ ஜனத்துல பாதிதான். ஐரோப்பா முழுக்க தோண்டிப் பாத்து 2024 ஏப்ரல்ல, மருந்துக்கும் அதுக்கும் சம்பந்தம் காட்ட ஆதாரம் இல்லன்னு முடிச்சாங்க. எழுதுனா மருந்து மாட்டுறது மட்டும் இல்ல, தப்பிக்கவும் செய்யும்.

இப்ப தங்கச்சி, நீங்க கேக்காத ஒண்ண நானே கேட்டுக்கிறேன். நம்ம ஊர்ல யாரு எழுதுறா? 1987ல இருந்து மருந்தோட பக்கவிளைவப் பாக்குறதுக்குன்னே மேட்ராக்னு ஒரு ஆலோசனைக் குழு இருக்கு. 1990ல இருந்து நாம உலக சுகாதார நிறுவனத்தோட கண்காணிப்புத் திட்டத்துல இருக்கோம், ரிப்போர்ட்டெல்லாம் சுவீடன்ல உப்சாலாங்கிற ஊருக்குப் போயி சேருது. அதாவது நம்ம லயத்துப் பாட்டிக்கு வந்த தலைசுத்தல் சுவீடன் வரைக்கும் போகும், யாராவது எழுதுனா. டாக்டர்தான் எழுதணும்னு இல்ல, மருந்து சாப்பிட்ட நீங்களே எழுதலாம், என்பிஆர்ஏ வெப்சைட்ல பொதுமக்களுக்குன்னு தனி ஃபாரம் இருக்கு. நான் கவுண்டர்ல நின்ன அத்தன வருஷத்துல அந்த ஃபாரம் எங்கன்னு தானா கேட்டு வந்தவங்கள ஒரு கை விரல்ல எண்ணிடலாம்.

எங்க பெரியம்மாவே கேக்கல. பாசார் மாலாம்ல, அதாவது ராத்திரிச் சந்தையில, 'ஸ்லிம்மிங் கோப்பி'ன்னு மெலியிற காப்பி வாங்கி குடிச்சாங்க, மூணு வாரத்துல 6 கிலோ, லயமே வாய பொளந்துச்சு. அப்புறம் படபடப்பு, தூக்கம் இல்ல, வாய் காஞ்சு போகுது. கிளினிக்குக்கு போனாங்க, "என்ன சாப்பிடுறீங்க"ன்னு கேட்டதுக்கு மாத்திரை எதுவும் இல்லன்னு சொல்லிட்டாங்க, கோப்பி மருந்தா என்ன? நான் பெட்டிய திருப்பிப் பாத்தேன், மால் நம்பரே இல்ல. அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு சோதிக்காம நான் சொல்ல மாட்டேன், ஆனா இந்த மாதிரி கோப்பில அதே சிபுட்ராமின கலந்து விக்கிறது நம்ம அதிகாரிங்க திரும்பத் திரும்ப பிடிக்கிற சங்கதி. 2010ல வாசல் வழியா வெளிய போன மருந்து, கோப்பிப் பொடிக்குள்ள பின்கட்டு வழியா வந்து உக்காந்துருக்கு. பதிவு இல்லாத மருந்து வித்தா தனி ஆளுக்கு 25,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். ஆனா திங்கக்கிழமை இங்க இருக்க வண்டி வியாழக்கிழமை வேற ஊர்ல நிக்கும், யாரப் பிடிக்கிறது.

அதனாலதான் நம்பர் நம்பர்னு கத்துறேன். நம்பர் இருந்தா பத்திரம்னு நான் சொல்லவே இல்ல தங்கச்சி, சொன்ன மாதிரி உங்க காதுல விழுந்திருந்தா என் தப்பு. நம்பர் இருந்தா அந்த மருந்துக்கு ஒரு நோட்டு இருக்கு, உங்க தலைசுத்தல அந்தப் பேருக்கு நேரா எழுதலாம், 5 பேர் சேர்ந்தா சங்கதி ஆகும், தோண்டிப் பாத்து தேவைன்னா திரும்ப எடுப்பாங்க. ரிடக்டில எடுத்தாங்கன்னா பாஸ் ஆன பிறகும் எண்ணிப் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காங்கன்னு அர்த்தம். பெரியம்மா கோப்பிய யாரு திரும்ப எடுக்குறது? பேரே நிஜமா இல்லையே.

ஊசிக்கும் இதேதான். 2024 ஜூன்ல உலக சுகாதார நிறுவனம் போலி ஓசெம்பிக் பத்தி எச்சரிக்கை விட்டுச்சு, பிரேசில், இங்கிலாந்து, அமெரிக்கா மூணு எடத்துலயும் பிடிச்சிருக்காங்க. ஃபேஸ்புக் லைவ்ல ஐஸ் பெட்டில வச்சு பாதி வெலைக்கு விக்கிறாங்களே, அந்த ஊசிப் பேனாவுல என்ன இருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது.

பெரியம்மா கோப்பிய நிறுத்திட்டாங்க, படபடப்பு போச்சு, 6 கிலோவும் திரும்ப வந்துருச்சு, அதுக்கு என்னையத்தான் திட்டுறாங்க. பெட்டிய மட்டும் தூக்கி எறியாதீங்க, மருந்தக அமலாக்கப் பிரிவுக்கு குடுக்கணும்னு சொன்னேன், கேட்டாங்களா, அதுல இப்ப கடுகு போட்டு வச்சிருக்காங்க.

மழை விட்டுருச்சு போல. முட்டி வலி கேள்வி அடுத்த வாரம், மறக்கல.