பூநாரைக்கு முந்தி வருகிறவர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புரட்டாதி பிறந்தால் என்னிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "பூநாரை வந்திட்டுதா சேர்?" சந்தையில் மரக்கறி வாங்கும்போது கேட்பார்கள், பழைய மாணவர்கள் போனில் கேட்பார்கள். கனடாவில் இருக்கிற உறவினர்கூட, ஊருக்கு வருகிற திகதியை அதற்கேற்றபடி போடலாமா என்று விசாரிப்பார். நான் வழக்கமாகச் சொல்கிற பதில், "பூநாரை பிந்தும். ஆனால் வர வேண்டிய மற்றவர்கள் வந்துவிட்டார்கள். நேற்றுப் பண்ணைப் பாலத்தால் போனீர்கள் என்றால் அவர்களைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள்."

அந்த மற்றவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அவர்கள் மண்ணிறம், சாம்பல் நிறம், உருவத்தில் சிறியவர்கள். பத்திரிகையின் முதற்பக்கத்தில் அவர்களுடைய படம் வராது. நம் ஊரில் மொத்தமாக உள்ளான் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். என் கணக்கில் அவர்கள்தான் பெரிய ஆட்கள். பூநாரை அழகு என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

நல்லூர்க் கொடி ஏறி, தேர் ஓடி, கச்சான் கடைகள் களைகட்டியிருக்கும் அந்த ஆவணி வெயிலில், சைபீரியாவின் வடகோடியில் கோடை முடிந்துகொண்டிருக்கும். அங்கே கோடை என்பது இரண்டு மாதம்கூட முழுசாக இல்லை. அந்த நேரத்துக்குள் பனி உருகி, பூச்சி பெருகி, பறவைகள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து முடிக்க வேண்டும். பிறகு நிலம் இறுகிவிடும். குளிரைச் சிறகு தாங்கும். உறைந்த மண்ணுக்குள் மூக்கை விட முடியாது, அதுதான் சிக்கல். சாப்பாடு பூட்டுப்பட்டுப் போவதால்தான் அவை கிளம்புகின்றன.

நுனி சற்றே கீழே வளைந்த கறுப்பு மூக்கோடு ஓர் உள்ளான் வரும். சிட்டுக்குருவியைவிடப் பெரிது, மைனாவைவிடச் சிறிது. சைபீரியாவின் தைமிர்ப் பக்கத்துத் துந்திரா நிலம்தான் அதன் பிறந்த வீடு. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர்கோடு போட்டாலே 7,000 கிலோமீற்றருக்கு மேல். இந்த இனத்தில் ஆண் பறவைகள் முதலில் புறப்பட்டுவிடும். அடைகாப்பதும் குஞ்சைப் பார்ப்பதும் பெண்ணின் பொறுப்பு. குஞ்சுகள் ஓரளவு தேறியதும் பெண்களும் போய்விடும். கடைசியாக எஞ்சுவது, பிறந்து சில வாரமே ஆன இளசுகள். வழிகாட்டப் பெரியவர்கள் இல்லை. முன்பு போன பாதையும் இல்லை. இருந்தும் அவை கிளம்பி வந்து சேர்கின்றன. ஆவணியில் அரியாலைக் கரையில் நீங்கள் பார்க்கிற உள்ளான்களின் வயிற்றில் செங்கல் நிறம் இன்னும் திட்டுத் திட்டாக இருந்தால் அவை முன்னே வந்த பெரியவர்கள். புரட்டாதிக் கடைசியில், ஐப்பசியில் முதுகு இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிறிய கரை வைத்துப் புதுச் சட்டை போட்டமாதிரி நிற்பவை அந்த இளசுகள். அதுவரை பனையையோ மனிதரையோ கண்டிராதவை.

சரி, இவ்வளவு தூரம் வந்து ஏன் இங்கே இறங்க வேண்டும்? காரணம் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற அந்தச் சேறுதான்.

சோளகக் காற்று மாதக்கணக்கில் அடித்து, கடனீரேரியின் தண்ணீர் வற்றி, புரட்டாதியில் கரை அகன்று கிடக்கும். செம்மணி, நாவற்குழி, கைதடிப் பக்கம் ஏ-9 வீதியால் வருகிறவர்களுக்கு அந்த வெளி வெறும் உவர் நிலமாகத் தெரியும். மேல் தோலை ஒரு விரல் கிளறினால் புழு, சிறு நத்தை, சிப்பிக் குஞ்சு, நண்டுக் குஞ்சு. ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆழத்தில் இருக்கும். ஒரே கிணற்றில் ஆளுக்கொரு நீளத்தில் கயிறு விட்டு அள்ளுவதுபோல, ஒவ்வொரு பறவையும் தன் மூக்கின் நீளத்துக்கு எட்டியதை எடுத்துக்கொள்ளும். உப்புக்கொத்திக்குக் கட்டை மூக்கு, பெரிய கண். ஓடும், நிற்கும், பார்க்கும், கொத்தும். கொசு உள்ளான் தையல் மெசின் ஊசிபோல் மேலாகக் குத்திக்கொண்டே போகும் என்று எழுதுவார்கள். எனக்கு அந்த உவமை அலுத்துவிட்டது, நீங்களே போய்ப் பாருங்கள். நீண்டு வளைந்த மூக்குடைய பெரிய கோட்டான் (ஆந்தையல்ல, இதுவும் கரைப்பறவைதான்) நண்டுப் பொந்துக்குள் மூக்கை அடிவரை விடும். இந்த உள்ளான் வகை பலவற்றின் மூக்கு நுனியில் அழுத்தத்தை உணர்கிற நுண்ணிய உணர்விகள் இருக்கின்றன. சேற்றுக்குள் இரை கண்ணுக்குத் தெரியாமலே அவற்றுக்கு இடம் பிடிபடுகிறது.

ஆகவே பறவை பார்க்கப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: பறவையைத் தேடாதீர்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள். ஈரம் மின்னுகிற சேறு என்றால் உப்புக்கொத்தியும் கொசு உள்ளானும். கணுக்கால் அளவுத் தண்ணீர் என்றால் பவளக்காலி, பச்சைக்காலி. அதைவிடச் சற்று ஆழம் என்றால் கருவால் மூக்கன், சிவந்த நெட்டைக் காலில் நிற்கும் நெடுங்கால் உள்ளான். அதற்கும் மேலே போனால் தாராக்கள். நம் பக்கத்தில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீற்றருக்கும் குறைவு. கடனீரேரி தட்டையாகக் கிடப்பதால், ஒரு சாண் தண்ணீர் இறங்கினாலே கண்ணுக்கெட்டிய தூரம் சேறு வெளியே வந்துவிடும். காற்றுத் திசை மாறினாலும் அப்படித்தான். நேற்று ஆயிரம் நின்ற இடத்தில் இன்று ஒன்றும் இல்லை என்றால் பறவை ஊரைவிட்டுப் போனதாக நினைக்க வேண்டாம், தண்ணீர் நகர்ந்திருக்கும்.

ஐப்பசி நடுவில் வாடை திரும்பி மழை பிடித்துவிட்டால் காட்சி மாறும். சேறு மூழ்க, சின்னவர்கள் ஓரங்களுக்கும் புல்தரவைகளுக்கும் ஒதுங்குவார்கள். திறந்த தண்ணீரில் ஊசிவால் தாரா, நீலச்சிறகுத் தாரா என்று கூட்டம் கூட்டமாக இறங்கும். பூநாரையைப் பெரிய கூட்டமாகப் பொதுவாக இந்த மழைக்குப் பிறகுதான் பார்க்கலாம். தென்னாசியாவில் அவை பெரிய அளவில் கூடு கட்டுகிற இடம் குஜராத்தின் கட்ச் உவர்வெளி. தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே இருக்கும்படி வைத்து, தண்ணீரை வடித்துத் தின்னும். அந்த இளஞ்சிவப்பு, தின்கிற பாசியிலும் இறால் வகைகளிலும் இருந்து வருகிற நிறம். கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை நோயாளிகள் அல்ல, பிள்ளைகள். பூநாரை பற்றி இவ்வளவு போதும்.

எங்கே போவது? யாழ் நகரில் இருப்பவர்களுக்குப் பண்ணைதான் கிட்ட. கோட்டையைத் தாண்டி மண்டைதீவுச் சந்திவரை போகிற அந்த வீதியில், காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி வடமேற்குப் பக்கம் பாருங்கள். மாலையில் மறுபக்கம். வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். களங்கட்டி வலைக் கம்புகளைத் தவறவிடாதீர்கள், ஒவ்வொரு கம்பிலும் ஓர் ஆலாவோ கடற்காகமோ நீர்க்காகமோ இருக்கும். அராலிப் பாலம், காரைநகருக்குப் போகிற பொன்னாலைப் பாலம், வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகிற நீண்ட வீதி, இவையும் அதேபோல. இங்கே நமக்கு ஒரு வசதி, வேறு ஊர்க்காரர் டிக்கெட் எடுத்து, ஜீப் பிடித்துப் பார்க்கிறதை நாம் பஸ் யன்னலால் பார்க்கலாம். தென்மராட்சிக்காரருக்குச் சரசாலைக் குருவிக்காடு இருக்கிறது. கண்டல் மரங்களில் கொக்கும் நாரையும் வந்து அடைகிற மாலை நேரத்துக்குப் போங்கள்.

முழு நாள் ஒதுக்க முடிந்தால் சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட இடம். ஆனையிறவுக்குக் கிழக்கே கடனீரேரியும் மணல் திடலும் கண்டலுமாக விரிந்து கிடக்கிறது. உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இருக்கிற இலங்கை ஈரநிலங்கள் 6. நமக்குக் கிட்டியது 2010இல் சேர்க்கப்பட்ட மன்னார் வங்காலை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒன்றுகூட இல்லை. இங்கே வருகிற பறவைகளைப் பார்த்த எவருக்கும் இது விளங்காத சங்கதி.

நீண்ட காலம் இங்கே யாரும் எண்ணவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். போர்க்காலத்தில் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு கடனீரேரிக் கரையில் நிற்க யாருக்குத் துணிவு வந்திருக்கும்? எந்தப் பக்கத்துக்கும் நம்மை விளங்கப்படுத்தியிருக்க முடியாது. பறவைகள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தன, குறிப்பெடுக்கத்தான் ஆள் இல்லை. இன்றைக்கும் முகமாலைப் பக்கம் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் வீதியை விட்டு இறங்க வேண்டாம். எந்தப் பறவையும் அதற்குப் பெறுமதி இல்லை.

பைனாகுலர் என்றதும் விலை நினைவுக்கு வரும். 8 மடங்கு பெருக்குகிறது, முன்கண்ணாடி 40 அல்லது 42 மில்லிமீற்றர், அது போதும். 20 மடங்கு, 30 மடங்கு என்று கடையில் ஆசை காட்டுவார்கள், கை நடுக்கத்தையும் சேர்த்துத்தான் அது பெருக்கும். இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பவளக்காலியைக் கண்ணாலேயே பிடிக்கலாம். கால் செம்மஞ்சள், பறக்கும்போது சிறகின் பின்கரையில் அகலமான வெள்ளை. ஆள் கிட்டப் போனால் முதலில் கத்திக் கூட்டத்தையே கிளப்புவதும் அதுதான். முதல் வருடம் அது ஒன்றை நன்றாகப் பழகினால், மற்றவற்றை "பவளக்காலியைவிடப் பெரிது, பவளக்காலியைவிட வெளிறியது" என்று ஒப்பிட்டுக்கொண்டு போகலாம். காலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு உவர்வெளியில் கானல் எழும்பும்.

கிட்டப் போகிற விஷயம். படம் எடுக்கிற பிள்ளைகள், முக்கியமாக ட்ரோன் வைத்திருக்கிற பிள்ளைகள், கேட்க வேண்டும். பறவைகள் கூட்டமாகக் கிளம்பினால் வீடியோ வடிவாக இருக்கும், எனக்கும் தெரியும். ஆனால் 7,000 கிலோமீற்றர் பறந்து கொழுப்பெல்லாம் கரைந்து வந்திறங்கிய உடம்பு அது. வந்த முதல் வாரங்களில் அதன் வேலை தின்பதும் தூங்குவதும்தான். தின்பதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால் நீங்கள் அளவுக்கு மிஞ்சிக் கிட்டப் போய்விட்டீர்கள். அங்கேயே நில்லுங்கள். மீன்பிடிக்கிற ஐயாமார் இடுப்புத் தண்ணீரில் நடந்து வலை பார்க்கும்போது பறவைகள் அசையாது. அவர்கள் நிதானமாக, நேரே பறவையைப் பார்த்து வராமல் நடக்கிறார்கள். அந்த நடையைப் பழகினால் போதும். அப்புறம் ஒன்று, மார்கழி தைப் பட்டக்காலம் முடிந்ததும் அறுந்த நைலோன் நூலைக் கம்பியிலும் கண்டலிலும் விட்டுவிட்டு வராதீர்கள். சுருட்டி எடுக்க ஐந்து நிமிடம் ஆகும்.

கரைக்குப் போக முடியாதவர்கள் வளவில் இருந்தே பார்க்கலாம். மின்கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான் வரிசையாக இருந்து தும்பி பிடிக்கும், தகைவிலான் சுழலும். ஐப்பசியில் சில வீடுகளில் காலையில் விறாந்தையிலோ குசினி மூலையிலோ பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் கட்டை வாலுமாக ஒரு குருவி விழுந்து கிடக்கும். ஆறுமணிக்குருவி. இரவில் பறந்து இந்தியாவிலிருந்து வருகிறது. களைத்தோ வெளிச்சத்தில் மயங்கியோ விழுகிறது. தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், கூட்டில் அடைக்காதீர்கள். காற்றுப் போக ஓட்டை போட்ட மட்டைப் பெட்டியில், இருட்டில், பூனைக்கு எட்டாமல் வைத்திருந்து, தெளிந்ததும் மரம் அடர்ந்த இடத்தில் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உள்ளானின் காலில் வளையமோ நிறக் கொடியோ தெரிந்தால், எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்து ஏதும் தெரிகிறதா என்று உடனே எழுதிக்கொள்ளுங்கள், முடிந்தால் ஒரு படமும் எடுங்கள். காங்கேசன்துறைக்கு நேர் எதிரே, 60 கிலோமீற்றருக்குள், தமிழ்நாட்டின் கோடிக்கரை இருக்கிறது. அங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் போடுகிறார்கள். ஓர் உள்ளானுக்கு அது ஒரு மணி நேரப் பறப்பு. 2021இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களின் முதுகில் பொருத்திய கருவிகள், அவை ரஷ்யாவின் வடமுனைப் பகுதிவரை போனதைக் காட்டின. நம் கரையில் நிற்பவை எங்கிருந்து வருகின்றன என்பதை இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் நடக்கிறது. அதற்குள் பவளக்காலியோடு ஐந்தாறு இனத்தைப் பழகிக்கொண்டால், எண்ணுகிறவர்களோடு நீங்களும் போய் நிற்கலாம். கையில் பென்சிலும் தொப்பியும் இருந்தால் சரி. பேனை வேண்டாம், உப்புக்காற்று ஈரத்தில் எழுத்துக் கரையும்.

நன்றி, வணக்கம்.