அரிச்சல்முனை வெயிலில் எந்த வ்யூஃபைண்டர்?

[காட்சி: நண்பகல். தனுஷ்கோடிச் சாலை முடியும் இடம். வெள்ளை மணல், இருபுறமும் கடல்.]

வணக்கம். டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்குவதா, மிரர்லெஸ் கேமரா வாங்குவதா என்ற கேள்விக்குக் கடையின் குளிரூட்டிய அறையில் விடை தேடுவதைவிட, இந்த அரிச்சல்முனை வெயிலில் நின்று தேடுவது நல்லது; ஏனெனில் இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு நாம் கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரில்தான் இருக்கிறது.

டிஎஸ்எல்ஆரில், லென்ஸ் வழியே வரும் ஒளி சாய்வாக நிற்கும் கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி நம் கண்ணை அடைகிறது. ஷட்டரை அழுத்தியதும் கண்ணாடி மேலெழுந்து, படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கு ஒளியை விடுகிறது. அந்த நொடிப்பொழுதில் காட்சி மறைந்து மீள்கிறது. மிரர்லெஸில் அந்தக் கண்ணாடியே கிடையாது. சென்சாருக்குத் தெரிவதையே கண்ணருகில் உள்ள சிறு மின்திரை நமக்குக் காட்டுகிறது.

[காட்சி: மணல்திட்டின் ஓரத்தில் பூநாரைகள்.]

கேமராவின் ஒளி அளவி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதுவதால், வெண்மணலும் வெண்மை கலந்த பூநாரையும் படத்தில் மங்கிப் போகும். எக்ஸ்போஷரை, அதாவது சென்சார் பெறும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) அளவுக்கு உயர்த்த வேண்டும். எவ்வளவு உயர்த்தினால் போதும் என்பதை டிஎஸ்எல்ஆரின் வ்யூஃபைண்டர் சொல்லாது. படம் எடுத்த பிறகு பின்திரையில் பார்க்க வேண்டும், இந்த வெயிலிலோ பின்திரை தெரியாது. தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு திரையைப் பார்ப்பவர்களை இங்கே காணலாம். நானும் அப்படி நின்றவன்தான். மின் வ்யூஃபைண்டரில் வெளிச்சத்தின் மாற்றமும், படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமும் ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே தெரிந்துவிடுகின்றன. இக்கரையில் மிரர்லெஸை நான் பரிந்துரைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் ஃபிளாஷ் வைத்துக் கல்யாணப் படம் எடுப்பவர்கள் இந்த முன்காட்சியை அணைத்துவிட வேண்டும். இல்லையெனில், ஃபிளாஷின் ஒளியை முன்காட்சி கணக்கில் கொள்ளாததால், மண்டபத்தில் திரை இருண்டே கிடக்கும்.

[காட்சி: சித்திரங்குடி கண்மாய்.]

கண்மாய்க் கரையில் காலை முழுதும் பறவைக்காகக் காத்திருப்பவரின் கணக்கு வேறு. டிஎஸ்எல்ஆரில் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு மின்சாரம் அநேகமாகச் செலவாவதில்லை. நிகான் டி7500 ஒரு பேட்டரியில் சுமார் 950 படங்கள் தரும் என்றும், சோனி ஏ6400 வ்யூஃபைண்டர் வழியே சுமார் 360 படங்கள் தரும் என்றும் அந்தந்த நிறுவனங்களே குறிப்பிடுகின்றன. எனவே மிரர்லெஸ் வாங்குபவர் கூடுதலாக இரண்டு பேட்டரிகளுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, செகண்ட்ஹேண்ட் டிஎஸ்எல்ஆரும் லென்ஸும் இன்று மலிவு. எனினும் கேனானும் நிகானும் 2018-லேயே ஃபுல்ஃபிரேம் (பெரிய சென்சார் கொண்ட) மிரர்லெஸில் இறங்கிவிட்டதால், புதிய லென்ஸ்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே வருகின்றன. கையில் பழைய நிகான் லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கேமரா உடலில் உள்ள மோட்டாரை நம்பி இயங்கும் ஏஎஃப்-டி வகை லென்ஸ்கள், பழைய லென்ஸை மிரர்லெஸில் பொருத்த உதவும் நிகானின் எஃப்டிஇசட் அடாப்டரில் தாமாக ஃபோகஸ் ஆகமாட்டா.

[காட்சி: மணலில் விரித்த துணிமேல் கேமரா.]

உப்புக்காற்றும் மணலும் இரண்டு வகைக்கும் பகைதான். ஆயினும் பெரும்பாலான மிரர்லெஸ்களில் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் திறந்து கிடக்கும் என்பதால், லென்ஸ் மாற்றுவதை வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மின் வ்யூஃபைண்டர் உள்ள கேமராவை, அதன் கண்துளை சூரியனைப் பார்க்கும்படி ஒருபோதும் கீழே வைக்காதீர்கள். கண்துளையின் லென்ஸ் பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்து, உள்ளிருக்கும் திரையைப் பொசுக்கிவிடும்.